கழுவும் நேரத்தில் கை வைக்காதீர்கள்: உணவு பதப்படுத்தும் ஆலைகளின் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

உணவு பதப்படுத்தும் ஆலைகளை நடத்துவோருக்கும், அவற்றின் உற்பத்தி மற்றும் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

உற்பத்தி முடிந்து இயந்திரங்கள் நின்ற பிறகு, அடுத்த உற்பத்தி தொடங்குவதற்குள் உங்கள் ஆலையில் நடக்கும் வேலையைப் பற்றி எழுதுகிறேன். வெட்டும் மேசை, அரைக்கும் தொட்டி, சீவும் கத்தி, நகரும் பட்டை, நிரப்பும் குழாயின் முனை என்று உணவு தொடும் பரப்புகள் எல்லாம் கழுவப்பட்டு, கிருமிநீக்கம் செய்யப்பட்டு, மறுபடியும் உணவைத் தாங்கத் தயாராக வேண்டிய அந்தச் சில மணி நேரம்தான் உங்கள் பொருளை உண்பவரின் உடல்நலத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. ஆலைப் பரப்புகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், அந்த நேரம் சுருங்கிக்கொண்டே போவதைக் கவலையோடு பார்த்து வருகிறேன். கிருமிநாசினியைக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்து தெளித்துவிட்டால் இழந்த நேரத்தை ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. அந்த நம்பிக்கை ஏன் தவறானது என்பதைக் காரணங்களோடு உங்கள் முன் வைக்கவே இம்மடல்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசடைந்த உணவால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள். 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்தச் சுமை முழுவதையும் ஆலைகளின் மேல் ஏற்றுவது நியாயமாகாது. பண்ணை, குடிநீர், வீட்டுச் சமையல் என்று அதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் வீட்டு அடுப்படியில் நேரும் கவனக்குறைவு பெரும்பாலும் அந்த வீட்டோடு நின்றுவிடுகிறது. ஆலையின் ஒரே ஒரு சீவும் கத்தியில் தங்கிவிட்ட கிருமியோ, அன்று பொதியப்பட்ட ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஊர் ஊராகப் போய்ச் சேர்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 2017 தொடக்கத்திலிருந்து 2018 நடுப்பகுதி வரை நீடித்த, லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவால் வந்த நோய்ப்பரவலை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட நோயாளிகள் ஆயிரத்துக்கும் மேல். இறந்தவர்கள் 200க்கும் மேல். உண்ணத் தயாரான நிலையில் விற்கப்பட்ட பதப்படுத்திய இறைச்சிதான் அதற்குக் காரணம் என்றும், அதே வகைக் கிருமி ஆலையின் உட்புறத்திலும் இருந்தது என்றும் பின்னர் கண்டறிந்தார்கள். நோயுற்றவர்களில் பத்தில் நான்கு பேர் பிறந்து 28 நாள்கூட ஆகாத சிசுக்கள். அந்தச் சிசுக்கள் எதையும் உண்ணவில்லை, தாய் உண்டாள். கர்ப்பிணிக்கு இலேசான காய்ச்சலாக வந்துபோகும் லிஸ்டீரியா, நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைக் கொல்ல வல்லது. குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையில் பெரும்பாலான கிருமிகள் பெருக்கத்தை நிறுத்திக்கொள்ள, இதுவோ உறைநிலைக்கு அருகிலும் மெல்ல மெல்லப் பெருகிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆலையை விட்டு வெளியேறும்போது ஒரு பொட்டலத்தில் சில கிருமிகளே இருந்தாலும், வாரக்கணக்கில் குளிரில் காத்திருந்து உண்ணப்படும் நாளில் அவை சிலவாக இருப்பதில்லை. சூடாக்காமல் உண்ணும் பொருள் என்றால் இடையில் அதைத் தடுக்க வேறு எதுவும் இல்லை.

கனடாவில் 2008இல் நிகழ்ந்ததை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும் என்பேன். அங்கும் பதப்படுத்திய இறைச்சிதான், 57 பேருக்கு நோய் உறுதியானது, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் முதியவர்கள். அந்த ஆலையில் கழுவும் வேலை நடக்காமல் இல்லை. சீவும் இயந்திரங்களை அவற்றைச் செய்தவர்கள் சொன்னபடியே கழுவி வந்தார்கள். ஆயினும் இயந்திரத்தின் ஆழத்தில், வழக்கமாகப் பிரிக்காத பாகங்களுக்குள் இறைச்சித் துணுக்குகள் சேர்ந்து, அங்கே லிஸ்டீரியா குடியேறியிருந்தது. அதைவிட என்னை வருத்தும் செய்தி ஒன்று உண்டு. நோய்ப்பரவலுக்கு முந்தைய மாதங்களில் ஆலையின் சுற்றுப்புற மாதிரிகளில் (ஆலைக்குள் தரை, வடிகால், இயந்திரப் பரப்பு போன்ற இடங்களைத் துடைத்தெடுப்பவை) லிஸ்டீரியா மீண்டும் மீண்டும் தென்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து, அடுத்த சோதனையில் தென்படவில்லை என்றதும் அந்த விவகாரத்தை முடித்துவிட்டார்கள். அத்தனை முடிவுகளையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்து, இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்கும் வழக்கம் அங்கு இருக்கவில்லை.

இனி, கிருமிநாசினியைக் கூட்டுவது ஏன் கழுவுதலுக்கு ஈடாகாது என்பதற்கு வருகிறேன்.

ஆலைகளில் மிகுதியாகப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட்டை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள குளோரின் தன் எதிரில் வருவது கிருமியா, கொழுப்பா, இரத்தமா, பால் புரதமா என்று பார்ப்பதில்லை. எந்தக் கரிமப் பொருளைச் சந்தித்தாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். கழுவப்படாத மேசையின் மேல் 200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 200 பங்கு) குளோரின் கரைசலைத் தெளித்தால், அதன் பெரும்பகுதி இறைச்சிச் சாற்றோடு போராடியே செயலிழக்கிறது. அழுக்குக்கு அடியில் இருக்கும் கிருமியைச் சென்றடைவது மிகக் குறைவு. அழுக்கைச் சுமந்த பரப்பில் செறிவை இரட்டிப்பாக்கினால் கிருமி இரட்டிப்பாகச் சாகும் என்ற கணக்கு வேதியியலில் இல்லை. கூடுதல் குளோரின் செய்யும் உறுதியான வேலை வேறு: துருப்பிடிக்காத எஃகு என்று நாம் நம்பியிருக்கும் உலோகத்தில் ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள பாக்டீரியாவுக்கு அந்தக் குழி ஆழ்கிணறு. அடுத்த முறை எந்தத் தூரிகையும் அதன் அடியைத் தொடாது.

கிருமிநாசினிக் கலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் 99.999 விழுக்காடு என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். உணவு தொடும் பரப்புகளுக்கான கிருமிநாசினி, சோதனைக்கு எடுத்த பாக்டீரியாக்களை 30 விநாடிகளுக்குள் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பது அமெரிக்க முறை; ஐரோப்பியத் தரமுறையில் அதே அளவுக்கு 5 நிமிடம் தருகிறார்கள். இரண்டும் உண்மையான, பயனுள்ள சோதனைகள். ஆனால் இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் நீர்மத்தில் தனித்தனியாக மிதக்கும் கிருமிகளை வைத்து நடப்பவை. உங்கள் நகரும் பட்டையின் அடிப்புறத்தில் கிருமிகள் அப்படி மிதந்துகொண்டிருப்பதில்லை. அவை பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் சர்க்கரைச் சேர்மங்களாலும் புரதங்களாலும் ஆன பசைக்குள் கூட்டமாக வாழ்கின்றன. உயிர்ப்படலம் எனப்படும் இந்தப் பசை, குளியலறைத் தரையில் கால் வழுக்கும் அதே வழுவழுப்புதான். அதற்குள் இருக்கும் கிருமி, மிதக்கும் கிருமியைவிடப் பல மடங்கு கிருமிநாசினியைத் தாங்கும். அதைப் பெயர்த்தெடுக்கத் தூரிகையின் உராய்வும் சோப்புக் கரைசலும் வேண்டும். தெளிப்பு மட்டும் போதாது.

அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. ஒரு பரப்பில் ஒரு கோடிக் கிருமிகள் இருந்தால், 99.999 விழுக்காடு செத்த பின்னும் 100 மிஞ்சும். ஈரமும் உணவுத் துணுக்கும் இதமான சூடும் கிடைத்தால் ஈ.கோலை போன்ற பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். 17 முறை இரட்டிப்பானால் அந்த 100 மறுபடியும் ஒரு கோடியைத் தாண்டிவிடும். அதற்கு ஆறு மணி நேரம்கூடத் தேவையில்லை, அதாவது ஒரு பணிமுறை முடிவதற்குள். மாறாக, முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவி அந்த ஒரு கோடியைப் பத்தாயிரமாகக் குறைத்துவிட்டால், அதன் பிறகு வரும் கிருமிநாசினிக்கு அநேகமாக மிச்சம் வைக்க எதுவும் இராது. மிஞ்சுவதற்கும் உண்ண ஒன்றும் இராது. பரப்பு உலர்ந்தும் இருந்தால் பெருகவும் வழியில்லை. கிருமிநாசினியின் வெற்றி அதற்கு முன் நடந்த கழுவுதலில்தான் இருக்கிறது என்பது இந்த எளிய கணக்கிலிருந்தே விளங்கும்.

கழுவுதலின் படிகள் உங்கள் கையேடுகளில் இருப்பவைதாம்: துணுக்குகளை உலர்வாகவே சுரண்டி அள்ளுதல், நீரால் அலசுதல், சோப்புக் கரைசலால் தேய்த்தல், மீண்டும் அலசுதல், கண்ணால் பார்த்து உறுதி செய்தல், கிருமிநாசினி இடுதல், நீர் வடிந்து உலர விடுதல். கையேட்டில் பிழையில்லை. அவசரத்தில் எந்தப் படி விழுகிறது என்பதே கேள்வி. நான் பார்த்த வரையில் முதலில் விழுவது உலர்வாக அள்ளும் படி. அதைத் தவிர்த்துவிட்டு எல்லாவற்றையும் குழாய் நீரால் அடித்து வடிகாலில் தள்ளிவிடுகிறார்கள். வடிகால் நிரம்புகிறது, தரை முழுதும் சத்துள்ள நீர் பரவுகிறது. இரண்டாவது, நீரின் சூடு. முதல் அலசலுக்கே கொதிக்கும் நீரைப் பாய்ச்சினால் புரதம் வெந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். மிகக் குளிர்ந்த நீரோ கொழுப்பை உறைய வைக்கும். 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர் போதுமானது. மூன்றாவதாக விழுவது கடைசிப் படியான உலர்தல். அடுத்த உற்பத்தி வாசலில் நிற்கும்போது, பரப்பு காயும் வரை காத்திருக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959இல் முன்வைத்த ஒரு கருத்து இத்துறையில் இன்றும் நிலைத்து நிற்கிறது. எந்தக் கழுவுதலும் நான்கு காரணிகளால் ஆனது: வேதிப்பொருள், வெப்பம், உராய்வு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடுசெய்யலாம் என்பது அதன் சாரம். இதைச் சான்று காட்டித்தான் நேரத்தைக் குறைப்பதை நியாயப்படுத்துகிறார்கள். ஆனால் அந்த ஈடுசெய்தலுக்கு எல்லை உண்டு. இயந்திரத்தைப் பிரிப்பதற்கு ஆகும் நேரத்தை எந்த வேதிப்பொருளும் குறைக்காது. பிரிக்காத பாகத்துக்குள் சூடும் நுழையாது, உராய்வும் நுழையாது. மூடிய குழாய்களுக்குள் கரைசலைச் சுற்றவிட்டுக் கழுவும் முறையில் இந்தக் கொள்கை அழகாகப் பொருந்துகிறது. அங்கே விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர்மமே தூரிகையின் வேலையைச் செய்கிறது. அங்கும்கூட, ஓட்டம் எட்டாத முட்டுக்கிளைக் குழாய் ஒன்று இருந்தால் போதும், கழுவிய குழாய் முழுவதும் அதிலிருந்து மறுபடியும் மாசடையும்.

கழுவிய பின் இடும் கிருமிநாசினிகளைப் பொறுத்தவரை, எது சிறந்தது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, எந்த இடத்தில், எந்த நீரில், எந்தக் கைகளால் பயன்படப் போகிறது என்று முதலில் பாருங்கள் என்பதே. குளோரின் மலிவானது, விரைந்து கொல்வது, கடின நீரிலும் வேலை செய்வது. ஆனால் அதன் ஆற்றல் கரைசலின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் மதிப்பைப் பொறுத்தது. பிஎச் 6க்கும் 7.5க்கும் இடையே இருக்கும்போது கொல்லும் திறன் மிக்க ஹைப்போகுளோரஸ் அமிலமாக அது நிற்கிறது. பிஎச் அதற்கு மேல் ஏற ஏற, திறன் குன்றிய ஹைப்போகுளோரைட் அயனியாக மாறிவிடுகிறது. காரச் சோப்பைச் சரியாக அலசாமல் அதன் மேல் குளோரினை ஊற்றும்போது இதுவே நேர்கிறது: சோதனைத் தாள் 200 பிபிஎம் காட்டும், கிருமியோ பிழைத்துக்கொள்ளும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. குளோரினோடு அமிலத்தைக் கலந்தால் எழுவது குளோரின் வாயு. அது நுரையீரலைக் கருக்கும். அமிலச் சோப்பும் குளோரினும் ஒரே அலமாரியில், ஒரே நிறக் கலங்களில் இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது.

நான்கிணைய அம்மோனியச் சேர்மங்கள் உலோகத்தை அரிப்பதில்லை, மணம் இல்லை, பரப்பில் மெல்லிய படலமாகத் தங்கிக் கொஞ்ச நேரம் காக்கவும் செய்கின்றன. சாதாரணச் சோப்பின் மிச்சம் பட்டாலே அவை செயலிழக்கும் என்பதும், பேசில்லஸ், குளோஸ்ட்ரிடியம் இனப் பாக்டீரியாக்கள் உருவாக்கும் உறக்கநிலை வித்துகளை அவை கொல்வதில்லை என்பதும் மறக்கக்கூடாதவை. தயிர், பாலாடைக்கட்டி செய்யுமிடத்தில் அவற்றின் மிச்சம் நமக்கு வேண்டிய உறைக்கிருமிகளையே கொன்றுவிடும். பெராக்சி அசெட்டிக் அமிலம் குளிர்ந்த அறையிலும் வேலை செய்வது. உயிர்ப்படலத்தின் மேல் மற்ற பலவற்றைவிட நன்றாகச் செயல்படுவது. பிறகு அசெட்டிக் அமிலமாகவும் ஆக்சிஜனாகவும் நீராகவும் சிதைந்துவிடுவது. அதன் காரநெடியைத் தாங்க வேண்டியவர்கள் தொழிலாளர்கள் என்பதால் காற்றோட்டம் இல்லாத அறையில் அதைக் கையாளச் சொல்வது நேர்மையாகாது. அயோடின் சேர்மங்களைப் பற்றி ஒன்று மட்டும்: 50 டிகிரிக்கு அருகில் சூடான நீரில் அவற்றைக் கலந்தால் அயோடின் ஆவியாகிப் போய்விடும்.

ஒரே கிருமிநாசினியை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் கிருமிகள் பழகிக்கொள்ளும், ஆகவே மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்ற அறிவுரை பரவலாக இருக்கிறது. நான்கிணைய அம்மோனியச் சேர்மங்களைத் தாங்கும் மரபணுக்களை லிஸ்டீரியா வகைகள் சிலவற்றில் கண்டறிந்திருப்பது உண்மைதான். ஆயினும் அந்தத் தாங்கும் திறன் நீர்த்துப்போன கரைசலில்தான் கிருமிக்குக் கைகொடுக்கிறது. சரியான செறிவில், சுத்தமான பரப்பில் இட்டால் அந்த வகைகளும் பொதுவாக மடிகின்றன. நீர் தேங்கிய தரையில் இட்ட கிருமிநாசினி நீர்த்து, கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். ஆகவே மருந்தை மாற்றுவதற்கு முன் தேங்கிய நீரை அகற்றுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கிருமிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். பளபளக்கும் மேசைப் பரப்பில் அவற்றை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். உட்புறம் குழலாக உள்ள உருளைகள், வெடித்த ரப்பர் வளையங்கள், நூல் பிரிந்த பட்டையின் ஓரங்கள், சொரசொரப்பான பற்றவைப்பு, மூடாத திருகு மரைகள், மின்விசைப் பெட்டியின் பொத்தான் இடுக்கு, குளிரூட்டியின் சொட்டுத்தட்டு, தரையின் விரிசல், எல்லாவற்றுக்கும் மேலாக வடிகால் ஆகியவையே அவற்றின் வீடுகள். அமெரிக்காவில் 2011இல் லிஸ்டீரியா படிந்த முலாம்பழத்தால் 147 பேர் நோயுற்று 33 பேர் இறந்த நிகழ்வில், கழுவிப் பொதியும் கருவிகள் எளிதில் கழுவ முடியாத அமைப்பில் இருந்ததும், அவற்றில் சில முன்பு வேறொரு விளைபொருளுக்காகப் பயன்பட்டவை என்பதும், தரையில் நீர் தேங்கி நின்றதும் ஆய்வில் தெரியவந்தன. அதே நாட்டின் இன்னோர் இறைச்சி ஆலையில் 1988இல் ஒரு நோயாளியோடு தொடர்புபடுத்தப்பட்ட லிஸ்டீரியா வகையே, 12 ஆண்டுகள் கழித்து 2000இல் பலரை நோயுறச் செய்ததாகப் பின்னர் அறியப்பட்டது. அத்தனை ஆண்டுகளாக அந்த ஆலை கழுவப்படாமலா இருந்திருக்கும்? எட்டாத இடம் ஒன்று அங்கே எட்டாமலேயே இருந்திருக்கிறது.

எனவே இயந்திரம் வாங்கும் நாளிலேயே கழுவும் வேலை தொடங்கிவிடுகிறது. உணவு தொடும் உலோகத்தின் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்ற வடிவமைப்பு நெறியை ஐரோப்பியத் தூய வடிவமைப்புக் குழு உள்ளிட்ட அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. கொள்முதல் குழுவில் விலையையும் வேகத்தையும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதைக் கருவி ஏதுமின்றிப் பிரிக்க முடியுமா, பிரித்தால் உள்ளே கை நுழையுமா, நீர் தானாக வடியுமா என்று கேட்க, கழுவும் குழுவின் மேற்பார்வையாளரை அந்த மேசைக்கு அழையுங்கள்.

வடிகாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உயர் அழுத்தக் குழாயால் வடிகாலையும் தரையையும் அடித்துக் கழுவும்போது, அங்கிருக்கும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகளாக எழும்பி, சற்று முன் கிருமிநீக்கம் செய்த மேசையின் மேல் வந்து படிகின்றன. ஆகவே தரையும் வடிகாலும் முன்னதாகவே முடிய வேண்டும். உணவு தொடும் பரப்பின் கிருமிநீக்கமே இறுதி வேலையாக இருக்க வேண்டும். வடிகாலுக்கான தூரிகை வேறெங்கும் போகக்கூடாது. பழுதுபார்ப்போரின் கருவிப்பெட்டியும் இதே வகையைச் சேர்ந்தது. எல்லாம் முடிந்து கிருமிநாசினி காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் எண்ணெய்க் கையோடு ஒருவர் வந்து பட்டையை இறுக்கிவிட்டுப் போனால், அந்த இரவின் உழைப்பு அங்கேயே வீணாகிறது. சுவர் இடிப்பு, தரை மாற்றம் போன்ற கட்டுமான வேலை நடந்த பின் லிஸ்டீரியா திடீரென்று தலைதூக்குவது இத்துறையில் நன்கறிந்த ஒன்று. அந்த வாரங்களில் மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இருப்பது கண்ணை மூடிக்கொள்வதற்குச் சமம்.

இதுவரை சொன்னவை ஈரமான ஆலைகளுக்கு. மாவு, பால்பொடி, கடலை, நறுமணப் பொடி போன்ற உலர் பொருள்களின் ஆலைகளில் நீரே எதிரி. சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குரோனோபாக்டர் என்ற பாக்டீரியாவும் பால்பொடியில் நீண்ட காலம் தாங்கும். கிடக்கும் வரை அவை பெருகுவதில்லை. நல்லெண்ணத்தோடு யாரோ ஒரு வாளி நீரை ஊற்றிக் கழுவும் அன்றுதான் அவை விழித்துப் பெருகுகின்றன. அமெரிக்காவில் 2008, 2009 ஆண்டுகளில் 700க்கும் மேற்பட்டோரை நோயுறச் செய்த வேர்க்கடலை வெண்ணெய் ஆலையில் கூரை ஒழுகியது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். அத்தகைய ஆலைகளில் உறிஞ்சு கருவி, சுரண்டி, உலர் தூரிகை, விரைந்து ஆவியாகும் 70 விழுக்காட்டு ஆல்கஹால் ஆகியவற்றைக் கொண்டே வேலை நடக்க வேண்டும். நீர் தவிர்க்கவே முடியாதபோது அந்தப் பாகத்தைக் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோய்க் கழுவி, முற்றிலும் உலர்ந்த பிறகே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

சோதனைக்கு வருகிறேன். பரப்பைத் துடைத்தெடுத்த குச்சியைக் கருவியில் செருகினால், மின்மினிப் பூச்சியில் உள்ள லூசிஃபெரேஸ் நொதியின் ஒளிர்வைக் கொண்டு சில விநாடிகளில் எண்ணைக் காட்டும் ஏடிபி (உயிரணுக்களில் உள்ள ஆற்றல் மூலக்கூறு) சோதனை மிகப் பயனுள்ளது. ஆனால் அது அளப்பது உணவுக்கழிவும் நுண்ணுயிரும் சேர்ந்த மொத்த மிச்சத்தை. லிஸ்டீரியா இருக்கிறதா, இல்லையா என்று அது சொல்லாது. கழுவுதல் சரியாக நடந்ததா என்று உடனே அறிய அதை வைத்துக்கொள்ளுங்கள். கிருமியை அறிய வளர்ப்புச் சோதனையோ மரபணுச் சோதனையோ வேண்டும். மாதிரி எடுக்கும் குச்சியில் கிருமிநாசினியை முறிக்கும் கரைசல் இல்லாவிட்டால், ஒட்டிவந்த மருந்தே மாதிரியில் உள்ள கிருமியைக் கொன்று, பொய்யான ஆறுதலைத் தரும். மாதிரி எடுக்கும் நேரமும் அப்படியே. கிருமிநீக்கம் முடிந்த கையோடு எடுத்த மாதிரியில் பெரும்பாலும் ஒன்றும் வராது. உற்பத்தி தொடங்கிச் சில மணி நேரம் ஓடி, அதிர்வில் இடுக்குகளில் இருப்பவை வெளியே வந்த பிறகு எடுங்கள். அப்போதுதான் ஆலை உண்மை பேசும்.

இங்கேதான் நிர்வாகத்தின் மனநிலை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கிருமி தென்பட்டால் உற்பத்தி நிற்கும், பொருளை நிறுத்திவைக்க வேண்டும், மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும் என்ற அச்சம் நிலவும் ஆலையில், மாதிரி எடுப்பவர் தம்மை அறியாமலேயே எளிதான இடங்களுக்கே போவார். நடுமேசையைத் துடைப்பார், உருளையின் அடிப்புறத்தை விட்டுவிடுவார். ஆண்டு முழுவதும் ஒரு முறைகூட லிஸ்டீரியா தென்படவில்லை என்று பெருமையோடு காட்டும் அறிக்கையை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். தேடிப்போய்க் கண்டுபிடித்தவரைப் பாராட்டும் ஆலையே பாதுகாப்பான ஆலை. கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் ஆலையின் வரைபடத்தில் குறித்து, மாதங்களைச் சேர்த்துப் பார்த்தால், தனித்தனியாகத் தோன்றிய புள்ளிகள் ஒரே உருளையை, ஒரே வடிகாலைச் சுற்றி நிற்பதைக் காண்பீர்கள். கனடாவில் செய்யத் தவறியது இதைத்தான்.

கடைசியாக, இந்த வேலையைச் செய்யும் மனிதர்களைப் பற்றி. உற்பத்தித் தொழிலாளர்கள் வீடு திரும்பிய பின், நள்ளிரவில், நீராவிக்கும் வேதிநெடிக்கும் நடுவே, கூரிய கத்திகளைக் கழற்றிக் கழுவுபவர்கள் அவர்கள். பல இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஆலையிலேயே மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர்கள். சில மாதங்களில் வேலையை விட்டுப் போகிறவர்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறை 2023இல் வெளியிட்ட ஒரு விசாரணையில், 8 மாநிலங்களின் 13 இறைச்சி ஆலைகளில் இரவுநேரக் கழுவும் வேலையில் 13 முதல் 17 வயது வரையுள்ள 102 சிறார்கள் ஈடுபடுத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. உண்பவரின் உயிர் எந்த வேலையை நம்பியிருக்கிறதோ, அந்த வேலைக்கு நாம் தரும் மதிப்பு இதுதான் என்றால், எந்தக் கிருமிநாசினியாலும் பயன் இல்லை. பயிற்சி என்ற பெயரில் ஒரு தாளில் கையொப்பம் வாங்குவது போதாது. எந்தப் பாகத்தை ஏன் பிரிக்க வேண்டும், குளோரினோடு எதைச் சேர்க்கக்கூடாது, பரப்பில் மருந்து எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதை அவர்கள் பேசும் மொழியில், இயந்திரத்தின் முன் நின்று சொல்லித்தர வேண்டும். அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். எந்த இடுக்கில் கை நுழையவில்லை என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் ஆலையில் ஒருவரும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பவை உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை. உற்பத்தித் திட்டம் போடும்போதே கழுவும் நேரத்தை முழுமையாக ஒதுக்குங்கள்; உற்பத்தி நீண்டுவிட்டால் கழுவுதலைச் சுருக்காமல், அடுத்த உற்பத்தியின் தொடக்கத்தைத் தள்ளிவையுங்கள். இயந்திரம் ஒவ்வொன்றையும் முழுதாகப் பிரித்துக் கழுவ உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை, கழுவுபவர்களோடு ஓர் இரவு உடனிருந்து அளந்து பாருங்கள். காலையில் விளக்கோடு வந்து பரப்புகளைப் பார்க்கும் தரக்கட்டுப்பாட்டு ஊழியருக்கு, யாரையும் கேட்காமல் உற்பத்தியை நிறுத்தி மறுபடியும் கழுவச் சொல்லும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். அதைப் பயன்படுத்தியதற்காக அவர் பின்னர் வருந்த நேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுப்புற மாதிரிகளின் முடிவுகளை மாதந்தோறும் தரக்கட்டுப்பாட்டு அறையோடு நிறுத்தாமல் நிர்வாகக் குழுவின் முன் வரைபடமாக வைக்கச் சொல்லுங்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவற்றைச் சேர்க்கும்படியும், அந்தக் கூட்டத்துக்கு இரவுப்பணிக் கழுவும் குழுவின் மேற்பார்வையாளரை அழைக்கும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
உணவு நுண்ணுயிரியல் ஆய்வாளர் ஒருவர்